சமையற்கட்டுக்கு நூறு பொன்

முன்னொரு காலத்தில், அடுப்பு புகைந்தால் அரசாங்கமே இருமுகிற நாடு ஒன்று இருந்தது.

அந்த நாட்டு அரசர் பெயர் நாவரச பூபதி. நல்லவர். வாளைவிட வடையை அதிகம் விரும்பியவர். அரண்மனை கட்டும்போதே சமையற்கட்டு சபா மண்டபத்துக்கு அடுத்தாற்போல் இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவுதான் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டவர். வடை சூடாக வர வேண்டும் அல்லவா? பல வருடங்கள் வடை சூடாகத்தான் வந்தது. ஆனால் ஆறு மாதமாக வடைக்கு முன்னால் புகை வர ஆரம்பித்தது.

ஒரு நாள் அண்டை நாட்டுத் தூதர் வந்திருந்தார். சபை நிரம்பி வழிந்தது. அரசர் கம்பீரமாக எழுந்தார்.

“தூதரே! எங்கள் நாட்டின் பெருமை என்னவென்றால்...”

கதவிடுக்கு வழியாக ஒரு கற்றைப் புகை மெல்ல வந்து அரசரின் மூக்கை விசாரித்தது.

“அச்!” என்றார் அரசர். மறுபடியும் “அச்!” பதினான்கு தும்மல். பதினான்காவது தும்மலில் தலையில் இருந்த கிரீடம் பறந்து போய்த் தூதரின் மடியில் விழுந்தது.

தூதர் நெகிழ்ந்து போனார். “இப்படி ஒரு வரவேற்பை நான் எதிர்பார்க்கவே இல்லை!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிரீடத்தை எடுத்துத் தம் தலையில் வைத்துக்கொண்டார். அவர் மனம் கோணாமல் அதைத் திரும்ப வாங்க மூன்று யானைகளும் இரண்டு குடம் தேனும் ஒன்றரை நாள் பேச்சுவார்த்தையும் தேவைப்பட்டன.

தூதர் எல்லை தாண்டியதுதான் தாமதம், அரசர் சிங்காசனத்தில் ஏறி நின்று கத்தினார்.

“சமையற்கட்டை மாற்றுங்கள்! உடனே! எவ்வளவு செலவு ஆகும் என்று நாளைக் காலைக்குள் திட்டம் போட்டுக் கொண்டு வாருங்கள்!”

பொக்கிஷ மந்திரி மகாநிதி முகம் மலர்ந்து கும்பிட்டார். செலவு என்ற சொல் காதில் விழுந்தால் அவருக்கு வயிற்றுப் பசிகூட அடங்கிவிடும்.

*

மறுநாள் மகாநிதி நான்கு பேர் தூக்கி வந்த ஓலைச்சுவடியோடு சபைக்கு வந்தார்.

“மகாராஜா, புதுச் சமையற்கட்டுக்கு உத்தேசச் செலவு பன்னிரண்டாயிரம் பொன்.”

அரசர் சாய்ந்திருந்த திண்டு நழுவிக் கீழே விழுந்தது. “விவரமாக வாசியும்.”

“பழைய சுவரை இடிக்க ஆயிரம். இடித்த மண்ணை அள்ள ஆயிரம். அள்ளிய மண்ணைக் கொட்ட இடம் தேட ஐந்நூறு. சந்தன மரத்தில் அடுப்புகள் பதினான்கு...”

“சந்தன மரத்தில் அடுப்பா?” என்று தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “தீ மூட்டினால் அடுப்பே எரிந்துவிடுமே, மந்திரியாரே?”

“எரியட்டுமே. மணமாக எரியும்” என்றார் மகாநிதி, திரும்பிப் பார்க்காமலே.

அவர் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. சபையில் அப்படிக் கேட்பவர் ஒருவர்தான். அரசவை விகடகவி. ஆள் அவ்வளவு ஒல்லி என்பதால் அவரை எல்லோரும் சிட்டிகை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்து பல காலம் ஆகியிருந்தது.

மகாநிதி தொடர்ந்தார். “நாற்பது முழ உயரத்தில் ஒரு புகைபோக்கி. அதன் உச்சியில் தங்கக் கலசம். கலசம் திருடுபோகாமல் இருக்க உச்சியிலேயே காவலர் இருவர்.”

“அவர்களுக்குச் சாப்பாடு?” என்றார் சிட்டிகை.

“கயிறு கட்டி மேலே ஏற்ற நானூறு பொன் தனியாகப் போட்டிருக்கிறேன்.”

“காவலர்கள் புகைபோக்கியின் வாய்மேல் உட்கார்ந்துகொண்டால் புகை எந்த வழியாகப் போகும்?”

“குறுக்கே பேசாதீர்! கடைசியாக, மகாராஜா, எதிர்பாராத செலவு இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தேழு பொன்.”

“நாற்பத்தேழா!” சிட்டிகை வியந்து கன்னத்தில் கைவைத்தார். “எதிர்பாராத செலவை இத்தனை துல்லியமாக எப்படி எதிர்பார்த்தீர்கள்?”

சபை சிரித்தது. அரசரும் சிரித்தார். மகாநிதி சிரிக்கவில்லை.

“வேலை முடிய எத்தனை நாளாகும்?” என்று கேட்டார் அரசர்.

“ஒரே வருடம், மகாராஜா.”

“ஒரு வருடமா! அதுவரை நான் என்ன சாப்பிடுவது?”

“காலையில் ஊறவைத்த அவல்.”

“மாலையில்?”

“ஊறவைக்காத அவல்.”

அரசரின் முகம் தொங்கிப் போனது. மகாநிதி அதைக் கவனிக்காமல் கடைசி ஓலையைப் புரட்டினார். “இன்னொன்று. இந்தப் புகைக்கெல்லாம் காரணம் தலைமைச் சமையற்காரி பொன்னுருவியும் அவளுடைய ஆட்களும்தான். அடுப்பு ஊதவே தெரியாதவர்கள். மொத்தம் இருபத்திரண்டு பேர். அவர்களை இன்றே வேலையை விட்டு அனுப்பிவிடலாம். புதுச் சமையற்கட்டுக்குப் புது ஆட்களை நானே ஏற்பாடு செய்துவிட்டேன்.”

சிட்டிகையின் சிரிப்பு நின்றது. பன்னிரண்டாயிரம் பொன் போனால் கஜானாவில் ஓட்டை விழும், அவ்வளவுதான். இருபத்திரண்டு பேர் போனால்? பொன்னுருவிதான் அவருக்கு இரண்டு வேளையும் சோறு போடுகிறவள். திட்டிக்கொண்டே போடுவாள். ஆனால் ஒரு நாளும் போடாமல் இருந்ததில்லை.

“மகாராஜா, அவர்கள் வேலை தெரியாதவர்கள் அல்ல. இந்தத் திட்டம்தான் வீண்செலவு” என்றார் சிட்டிகை.

மகாநிதி இதற்காகவே காத்திருந்தவர் போலத் திரும்பினார். “குறை சொல்லுவது சுலபம். சிட்டிகையார் கெட்டிக்காரர் ஆயிற்றே! நூறே நூறு பொன்னில், எட்டே நாளில் மாற்றிக் காட்டட்டுமே பார்ப்போம்!”

நூறு பொன்னில் அந்தச் சமையற்கட்டின் கதவுக்குக்கூட எண்ணெய் பூச முடியாது. அது மகாநிதிக்குத் தெரியும். சிட்டிகைக்கும் தெரியும். தெரியாதவர் அரசர் ஒருவர்தான்.

“நூறு பொன்னா? எட்டு நாளா?” அவல் சாப்பிடாமல் தப்பிக்க ஒரு வழி கிடைத்த சந்தோஷத்தில் அரசர் துள்ளினார். “அருமை! ஓலைநாயகமே, எழுதும்!”

ஓலைநாயகம் அரண்மனை எழுத்தர். அரசர் வாயிலிருந்து எது வந்தாலும் அதை அப்படியே எழுதி முத்திரை வைப்பது அவர் வேலை. முத்திரை வைத்துவிட்டால் அதில் ஓர் எழுத்தை அரசரே நினைத்தாலும் மாற்ற முடியாது. அது அந்த நாட்டுச் சட்டம்.

அரசர் சொல்லச் சொல்ல, பாதியில் மகாநிதியும் சேர்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, ஓலை இப்படி முடிந்தது:

‘சமையற்கட்டை மாற்று. செலவு நூறு பொன்னுக்கு மேல் போகக் கூடாது. ஒரு காசு கூடினாலும், எட்டு நாளில் முடியாவிட்டாலும், சமையற்காரர் இருபத்திரண்டு பேரும் சிட்டிகையும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.’

மகாநிதி அதை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

“மிகச் சரியாக இருக்கிறது. முத்திரை வையும்” என்றார்.

*

சிட்டிகை சமையற்கட்டுக்குள் நுழைந்தபோது பொன்னுருவி துடுப்பு அளவு பெரிய கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயது. கணீர்க் குரல். புகையில் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

“வாய்யா, மகராசா! எங்க இருபத்திரண்டு பேரையும் நூறு பொன்னுக்கு வித்துட்டு வந்திருக்கியாமே!”

“விக்கலக்கா. இன்னிக்கே போக வேண்டியவங்களுக்கு எட்டு நாள் வாங்கிக் குடுத்திருக்கேன்.”

“அந்த எட்டு நாளும் உனக்கும் சேர்த்து வடிச்சுக் கொட்டணும். இதுல யாருக்கய்யா லாபம்?” என்று இரண்டு இருமல் இருமிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “விளையாட்டில்லய்யா. இதுல ஒம்பது பேருக்கு இந்த ஊரை விட்டா வேற ஊரு பேருகூடத் தெரியாது. வெளியே போன்னா எந்தப் பக்கம் திரும்பணும்னு என்னைக் கேப்பாங்க. நான் யாரைக் கேக்குறது?”

சிட்டிகை உடனே வெளியே ஓடினார். அப்படி ஓடுவது அவருக்கு அபூர்வம்.

முதல் வேலையாகத் தலைமைக் கொத்தனாரைப் பார்க்கப் போனார்.

“நூறு பொன்னுக்கு என்ன செய்யலாம் கொத்தனாரே?”

“நூறு பொன்னுக்கா? நான் வந்து நின்னு பார்த்துட்டு, உதட்டைப் பிதுக்கிட்டுப் போகலாம்.”

“செங்கல் என்ன விலை?”

“நேத்து ஒரு விலை. இன்னிக்கு ஒரு விலை.”

“நாளைக்கு?”

“நீங்க எத்தனை மணிக்கு வருவீங்கன்னு சொல்லுங்க, அதுக்குத் தக்க சொல்றேன்.” கொத்தனார் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் காதோரம் குனிந்தார். “தப்பா நினைக்காதீங்க சிட்டிகையாரே. உங்களுக்கு ஒரு கல்லு குடுத்தாலும் என் பூச்சுக் கரணையைப் பிடுங்கிருவேன்னு மந்திரி வீட்லருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போயிருக்கு.”

செங்கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, ஆளும் இல்லை. இதற்கிடையில் சமையற்கட்டை மாற்றப் போகிறார்கள் என்ற செய்தி அரண்மனை முழுவதும் பரவிவிட்டது. எல்லோரும் சிட்டிகையைத் தேடிக்கொண்டு வந்தார்கள்.

பட்டத்து ராணிக்குக் கிழக்கே ஒரு ஜன்னல் வேண்டும். இளைய ராணிக்கு அந்த ஜன்னல் இருக்கவே கூடாது, அது அவருடைய முற்றத்தைப் பார்க்கிறது. எதிரி படையெடுத்தால் மேலிருந்து ஊற்ற நூறு குடம் எண்ணெய் காய்ச்சும் வசதி வேண்டும் என்றார் சேனாதிபதி. ராஜகுரு ஏகாதசிக்குத் தனி அடுப்பு கேட்டார்.

“ஏகாதசி அன்றுதான் ஒன்றும் சாப்பிட மாட்டீர்களே, சுவாமி?”

“ஆமாம். அன்றைக்கு அந்த அடுப்பை மூட்ட மாட்டோம்” என்றார் ராஜகுரு.

கடைசியில் அரசரே முகத்தை உத்தரீயத்தால் மூடிக்கொண்டு வந்தார். “சிட்டிகை, யாரிடமும் சொல்லாதே. அடுப்புக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன ஊஞ்சல். வடை வெந்ததும் கையை நீட்டினால் எட்ட வேண்டும். அவ்வளவுதான்.”

சிட்டிகை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, விலை போட்டுக் கூட்டிப் பார்த்தார். மகாநிதியின் திட்டத்தைவிட முந்நூறு பொன் அதிகமாக வந்தது.

*

இப்படியே ஐந்து நாள் ஓடிவிட்டது. ஆறாம் நாள் பகலில் சிட்டிகை சமையற்கட்டுக்குள் வந்து, சுவரோரம் அடுக்கியிருந்த விறகில் சாய்ந்து உட்கார்ந்து, தலையில் கைவைத்துக்கொண்டார். பதினான்கு அடுப்பும் புகைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவர் யார் என்று இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

காதோரம் ஏதோ கூச்சம் காட்டியது. தட்டிவிட்டார். மறுபடியும் கூச்சம் காட்டியது. திரும்பிப் பார்த்தார். விறகுக் கட்டையில் பச்சைப் பசேல் என்று ஒரு துளிர்.

“அக்கா! சமையற்கட்டுக்குள்ள செடி வளர்க்கிறீங்களா?”

“எங்கய்யா செடி? அது விறகு.”

“விறகு துளிர் விடுமா?”

“எங்க விறகு விடும். போன வாரம் ஒண்ணு பூவே பூத்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டா காய் பறிச்சுக் குழம்பு வைக்கலாம்.” பொன்னுருவி புகைக்குள்ளிருந்து வெளிப்பட்டாள். “முருங்கைக் கட்டைய்யா, முருங்கைக் கட்டை! இதை வச்சு யாராச்சும் அடுப்பெரிப்பாங்களா? ஒரு முனையில தீ வச்சா மறுமுனையில தண்ணி சொட்டுது. ஊதி ஊதி என் கன்னம் நாயனக்காரர் கன்னமாட்டம் ஆயிருச்சு.”

“அரண்மனைக்குப் புளியங்கட்டைதானே வரணும்?”

“ஏட்டுல புளி, வண்டியில முருங்கை. ஆறு மாசமா இதே கதைதான். மந்திரியோட மச்சான் விறகுக் குத்தகை எடுத்தாரு பாரு, அன்னைலருந்து. பாரத்துக்கு இவ்வளவுன்னு காசு. ஈரக்கட்டைன்னா பாரம் ரெண்டு மடங்கு. விறகு பேருல தண்ணியை நிறுத்துப் போடுறான். போய்ச் சொன்னா, உனக்கு ஊதத் தெரியலைன்னு என்னையே ஏசுறாங்க.”

சிட்டிகை நிமிர்ந்து உட்கார்ந்தார். அரசரிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம். அரசர் மச்சானைப் பிடித்து உள்ளே போடுவார். ஆனால் முத்திரை வைத்த ஓலை அப்படியே இருக்கும். எட்டாம் நாள் இருபத்திரண்டு பேரும் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். ஓலை சொன்னபடி வேலை முடிந்தால்தான் அவர்கள் தப்ப முடியும்.

மடியிலிருந்த ஓலையை எடுத்து நூறாவது முறையாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக அதைப் பொன்னுருவியிடம் நீட்டினார்.

“அக்கா, இந்த முதல் வரியைக் கொஞ்சம் நிறுத்தி வாசி.”

“ச... மை... யற்... கட்டை... மாற்று.”

“இன்னொரு தடவை.”

“சமையற்... கட்டை... மாற்று. அதான் ஊருக்கே தெரியுமே! இதுல என்னய்யா புதுசா...”

பொன்னுருவி நிறுத்தினாள். இடது கையில் இருந்த ஓலையைப் பார்த்தாள். வலது கையில், அடுப்பில் வைக்க எடுத்திருந்த துளிர்விட்ட கட்டையைப் பார்த்தாள். மறுபடியும் ஓலையைப் பார்த்தாள்.

“அடப் பாவி மனுசா!” என்றாள்.

அடுத்த கணம் இருவரும் சிரித்த சிரிப்பில் உலை மூடிகள் ஆடின. மற்ற இருபத்தொரு பேரும் புகை தலைக்கேறிவிட்டது என்று பயந்து இருவர் முகத்திலும் தண்ணீர் தெளித்தார்கள்.

அன்று சாயங்காலமே சிட்டிகை வண்டி கட்டிக்கொண்டு, மந்திரியின் ஆட்கள் எட்டிப் பார்க்காத காட்டோரத்து விறகுக் கடைக்குப் போனார். ஒரு வருடம் வெயிலில் காய்ந்த புளியங்கட்டை. தட்டினால் வெண்கலமாகக் கணகணத்தது. ஆறு வண்டி விறகு, கூலி உட்படப் பன்னிரண்டு பொன்.

*

எட்டாம் நாள் விடிந்தது. மகாநிதி பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அரண்மனை வாசலில் நாடு கடத்த வேண்டியவர்களை ஏற்றிப்போக நான்கு வண்டிகள் நின்றன. அவற்றுக்குப் பின்னால் அவருடைய புதுச் சமையற்காரர்கள் சொந்தக் கரண்டியோடு நின்றார்கள்.

அரசர், ராணிகள், மந்திரிகள், சேனாதிபதி, ஓலைநாயகம் எல்லோரும் கதவைத் திறந்துகொண்டு சமையற்கட்டுக்குள் நுழைந்தார்கள். உள்ளே பொன்னுருவியும் அவளுடைய ஆட்களும் வரிசையாக நின்றார்கள். சிலர் மூட்டை முடிச்சைக் கட்டித் தயாராகவே வைத்திருந்தார்கள். சிட்டிகை எவ்வளவு சொல்லியும் அவர்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

மகாநிதி சுற்றிப் பார்த்தார். அவருடைய முகம் நெய்விளக்குப் போலப் பிரகாசித்தது.

“அதே சுவர்! அதே தரை! அதே அடுப்பு! மகாராஜா, சுவரில் உள்ள கரிகூட அதே கரி! ஒரு செங்கல்கூட மாறவில்லை!” அவருடைய கால் தானாக ஒரு தாளம் போட்டது.

அரசர் வருத்தத்தோடு பார்த்தார். “சிட்டிகை, இது என்ன? நீ மாற்றவே இல்லையே.”

“மாற்றிவிட்டேன், மகாராஜா. நேற்று இரவே மாற்றியாகிவிட்டது. செலவு பன்னிரண்டு பொன். மிச்சம் எண்பத்தெட்டுப் பொன் இதோ.”

“எதை மாற்றினாய்?”

“தாங்கள் சொன்னதைத்தான். ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள்.”

ஓலைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். “சமையற்கட்டை மாற்று.”

“மாற்றிவிட்டேன்” என்று சிட்டிகை பின்பக்கக் கதவைத் திறந்தார். “பழைய சமையற்கட்டை முற்றத்தில் கிடக்கிறது. புதுச் சமையற்கட்டை இதோ, அடுப்பில் எரிகிறது.”

மகாநிதிக்கு விளங்க இரண்டு கணம் ஆயிற்று. விளங்கியதும் குதித்தார்.

“கட்டையா! கட்டை இல்லை, மகாராஜா, கட்டு! சமையற்கட்டு! கட்டை மாற்றச் சொன்னால் இவர் கட்டையை மாற்றியிருக்கிறார்!”

“மந்திரியார் என்ன சொல்கிறார் என்று யாருக்காவது புரிகிறதா?” என்றார் சிட்டிகை. “கட்டை மாற்றச் சொன்னார்கள், கட்டையை மாற்றினேன் என்கிறார். அதைத்தானே நானும் சொல்கிறேன்?”

“ஓலைநாயகமே! நீர் எழுதியது கட்டா, கட்டையா?” என்று கர்ஜித்தார் மகாநிதி.

ஓலைநாயகம் ஓலையை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “மகாராஜா, கட்டடத்தைச் சொன்னாலும் சமையற்கட்டை. விறகைச் சொன்னாலும் சமையற்கட்டை. இரண்டுக்கும் எழுத்து ஒன்றேதான். மந்திரியார் விரல் வைத்து வாசித்து, மிகச் சரி என்று சொன்ன பிறகுதான் முத்திரை வைத்தேன்.”

“ஆனால் அரசர் மனதில் நினைத்தது கட்டடத்தை!”

“அரசர் மனதில் நினைத்தது புகை போக வேண்டும் என்பதை” என்றார் சிட்டிகை. “மகாராஜா, கொஞ்சம் மூச்சு இழுத்துப் பாருங்கள்.”

அரசர் இழுத்தார். தும்மல் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். வறுத்த மல்லி வாசனை வந்தது. நெய் வாசனை வந்தது. தும்மல் மட்டும் வரவே இல்லை. அப்போதுதான் அவருக்கு எதிர்ச் சுவர் தெரிவதே உறைத்தது. ஆறு மாதத்தில் அந்தச் சுவரை அவர் பார்த்ததில்லை.

“இதெல்லாம் ஏமாற்று வேலை! இன்று அடுப்பே மூட்டவில்லை! மூட்டாத அடுப்பில் புகை எப்படி வரும்?” என்று மகாநிதி பாய்ந்து போய் ஓர் அடுப்பின் மேல் குனிந்தார்.

அடுப்பு மூட்டித்தான் இருந்தது. பதினான்கும் விடிந்ததிலிருந்து எரிந்துகொண்டிருந்தன. காய்ந்த புளியங்கட்டை சத்தமில்லாமல் நின்று எரிந்தது. அதில் உடனே பற்றிக்கொண்டது மகாநிதியின் அங்கவஸ்திரத்தின் முனை.

“ஐயோ! தீ! தீ!”

“அசையாதீங்க சாமி!” பொன்னுருவி அரிசி களைந்த தண்ணீர் அண்டாவை இரண்டு கையாலும் தூக்கி அப்படியே கவிழ்த்தாள். தேவைக்கு அது கொஞ்சம் அதிகம்தான். மகாநிதி நனைந்த பட்டோடு, மீசையில் நான்கு அரிசியோடு நின்றார்.

அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அங்கே குவித்திருந்த முருங்கைக் கட்டைகளில் இலை அடர்ந்திருந்தது. இரண்டு ஆடுகள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன.

“இது விறகா, தோப்பா?”

“மந்திரியாரின் மைத்துனர் அனுப்பிய விறகு, மகாராஜா. இளகிய மனசு. மரத்தை முழுதாகக் கொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பாரம் கூட வேண்டும் என்று உள்ளே தண்ணீரையும் வைத்தே அனுப்புகிறார். ஆறு மாதமாகப் புளியங்கட்டை விலை கொடுத்து நாம் வாங்கியது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். பொன்னுருவியம்மாள் அதைத்தான் ஊதி ஊதி எரிக்கப் பார்த்தாள்.”

அரசர் மெதுவாக மகாநிதியின் பக்கம் திரும்பினார். மகாநிதி மீசையில் இருந்த அரிசியை எண்ணுவது போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“மகாநிதியாரே, இந்தக் கட்டைகளை நீரும் உம் மைத்துனரும் உம் கையாலேயே நட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். குடம் சுமக்க வாசலில் நிற்கிற வண்டிகளை எடுத்துக்கொள்ளும்.”

“எ... எத்தனை நாளைக்கு, மகாராஜா?”

“ஊற்றிய தண்ணீர், நீங்கள் விற்ற தண்ணீருக்குச் சமமாகும் வரைக்கும்!”

அதைச் சொன்ன பிறகு அரசரால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராணிகள் சிரித்தார்கள். சேனாதிபதி சிரித்ததில் வாள் உறையோடு கழன்று விழுந்தது. ஆடுகள் மட்டும் மேய்வதை நிறுத்தவில்லை.

“ஓலை சொன்ன வேலை, சொன்ன செலவுக்குள், சொன்ன நாளுக்குள் முடிந்தது. இங்கிருந்து யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. மிச்சம் எண்பத்தெட்டுப் பொன்னும் சமையற்காரர்களுக்கு. தலைக்கு நான்கு!” என்றார் அரசர். வரிசையின் கடைசியில் யாரோ சத்தமில்லாமல் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார். “சிட்டிகை, உனக்கு என் முத்து மாலை தருகிறேன். ஓலைநாயகமே, எழுதும்!”

ஓலைநாயகம் எழுத்தாணியை எடுத்தார். பிறகு கீழே வைத்தார். “மகாராஜா, ஒரு சந்தேகம். மாலை தருகிறேன் என்றால்... கழுத்தில் போடுகிற மாலையா, பொழுது சாய்ந்து வருகிற மாலையா? தெளிவாகச் சொல்லிவிட்டால் எனக்கு நல்லது.”

அரசர் சமையற்கட்டுக்குள் திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்து மாலையைக் கழற்றிச் சிட்டிகையின் கழுத்தில் போட்டார். அது சிட்டிகையின் முழங்காலைத் தொட்டது. அதைப் பார்த்து மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார்.

“சிரிச்சது போதும், மகராசா. எண்ணெய் காயுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள் பொன்னுருவி, கையில் வடை மாவோடு.

அரசர் தள்ளி நின்றார்.